புது பார்ட்ஸ் போட்டதும் சர்வர் ஃபேன் அலறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஆடிட்டர் ஆபீஸ், மன்னார்குடியில் ரைஸ் மில், மயிலாடுதுறையில் ஸ்கேன் சென்டர், நாகப்பட்டினத்தில் கேபிள் இன்டர்நெட் கண்ட்ரோல் ரூம். இடம் எதுவானாலும் உள்ளே இருக்கும் பெட்டி அநேகமாக ஒரே ரகம்தான். சென்னை ரிச்சி தெருவிலிருந்து செகண்ட்ஹேண்டாக வந்த டெல் ஆர்720, ஆர்730, ஹெச்பி டிஎல்380, அல்லது சூப்பர்மைக்ரோ போர்டு போட்ட ஏதோ ஒன்று. அதுவரை சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். ரேம் கூட்டுவார்கள், ஒரு நெட்வொர்க் கார்டு செருகுவார்கள், பிராசசர் மாற்றுவார்கள். மூடி போட்டு ஆன் செய்ததும் கத்த ஆரம்பிக்கும். அதன்பிறகு வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

ஆன் செய்தவுடன் காது கிழிகிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. இது பழுதா?

இல்லை. ஃபேனை ஆள்வது விண்டோஸோ லினக்ஸோ அல்ல. மதர்போர்டிலேயே இருக்கும் பிஎம்சி என்ற தனிச் சிறு கம்ப்யூட்டர். டெல்லில் அதன் பெயர் ஐடிராக், ஹெச்பியில் ஐலோ, சூப்பர்மைக்ரோவில் ஐபிஎம்ஐ என்று சொல்லிப் பழகிவிட்டோம். கரண்ட் வந்ததும் அதுவும் கண்விழித்து எழ வேண்டும். அதுவரை ஃபேன் வேகமாகத்தான் ஓடும். மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும்போது கேட்பதும் இதே சத்தம்தான்.

பவர் கார்டைச் செருகியதும் பட்டனை அழுத்தாமல் இரண்டு நிமிடம் பொறுங்கள். புது ரேம், புது கார்டு போட்ட பிறகு முதல் தடவை பூட் ஆக வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும்; மெஷின் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று மறுபடி எண்ணிப் பார்க்கிறது. பத்து நிமிடம் கழித்தும் அதே சத்தம் இருந்தால்தான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

தொட்டுப் பார்த்தால் பெட்டி ஜில்லென்றுதான் இருக்கிறது. சூடே இல்லாமல் ஏன் கத்த வேண்டும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். வெப்பம் ஏறினால் ஃபேன் வேகமெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெப்பம் எவ்வளவு என்று பிஎம்சிக்குத் தெரியாமல் போனாலும் ஃபேன் வேகமெடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு சென்சார் பதில் சொல்லவில்லை, ஒரு கார்டு எவ்வளவு சூடாகும் என்ற விவரம் இல்லை, ஒரு ஃபேன் காணவில்லை: எதுவானாலும் அது மோசமான நிலையையே கணக்கில் எடுத்துக்கொண்டு காற்றை அள்ளி வீசும். அப்படித்தான் அதை எழுதியிருக்கிறார்கள், அது சரியும்கூட.

ஆகவே சத்தத்தைக் குறைக்கும் வழியைத் தேடுவதற்கு முன்னால், பிஎம்சிக்கு எது தெரியவில்லை என்று தேடுங்கள். அப்கிரேடுக்குப் பின் வரும் சத்தத்தில் பெரும்பங்கு சூட்டினால் வருவதில்லை.

அதை எங்கே போய்ப் பார்ப்பது?

பிஎம்சிக்குத் தனி ஐபி முகவரி உண்டு. பிரவுசரில் திறந்து முதலில் பாருங்கள் ஈவென்ட் லாக், அதாவது நடந்ததை எல்லாம் குறித்துவைக்கும் பட்டியல். "ஃபேன் ரிடண்டன்சி லாஸ்ட்", "சென்சார் நாட் ரீடபிள்", "சேசிஸ் ஓபன்" (ஒரு ஃபேன் போச்சு, சென்சாரைப் படிக்க முடியவில்லை, மூடி திறந்திருக்கிறது) என்ற வகையில் ஏதாவது வரி இருந்தால் வேலை பாதி முடிந்தது. பிறகு சென்சார் பக்கம். ஒவ்வொரு ஃபேனின் சுழற்சி வேகமும் வரிசையாக இருக்கும். ஒன்று மட்டும் பூஜ்யம் என்றால் அதுதான் காரணம், அது செய்யாத வேலையை மற்றவை பகிர்ந்துகொள்கின்றன. முன்பக்கம் நுழையும் காற்றின் வெப்பம், பின்பக்கம் வெளியேறும் காற்றின் வெப்பம், பிராசசர் வெப்பம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றுமே குறைவாக இருந்தும் ஃபேன் உச்சத்தில் ஓடினால், முந்தைய பதிலில் சொன்ன கதை.

செகண்ட்ஹேண்ட் மெஷினில் பிஎம்சி பாஸ்வேர்ட் தெரியாது என்பார்கள். டெல், சூப்பர்மைக்ரோ இரண்டிலும் பழைய மாடல்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பாஸ்வேர்டோடுதான் வந்தன. ஹெச்பியில் இழுத்துப் பார்க்கும் சின்ன அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

எதுவும் பிடிபடவில்லையா? புதிதாகப் போட்டதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி கையில் இருக்கிறது. நான்கு பொருளை ஒரே நாளில் மாற்றியவர்களுக்கு இது வாய்க்காது. அதனால்தான் ஒன்றொன்றாகப் போடச் சொல்கிறோம்.

டெல் ஆர்720-இல் டென் ஜி (நொடிக்குப் பத்து ஜிகாபிட்) நெட்வொர்க் கார்டு போட்டேன். அன்றிலிருந்து நிற்கவே இல்லை.

டெல்காரர்களின் தலையாய புகார் இது. டெல் தானே விற்ற கார்டுகளுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்ற கணக்கு ஐடிராக்கிடம் இருக்கிறது. வேறு கம்பெனி கார்டைச் செருகினால் அதன் சூட்டை ஐடிராக்கால் படிக்க முடியாது, கணக்கும் இல்லை. எனவே எதற்கும் இருக்கட்டும் என்று காற்றைக் கூட்டிவிடும். கார்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான்.

இந்தக் குணத்தை அணைக்க வழி உண்டு. அமைப்பின் பெயர் தேர்ட் பார்ட்டி பிசிஐஇ ஃபேன் ரெஸ்பான்ஸ். ஐடிராக் 9 உள்ள புதிய மெஷின்களில் ராக்ஆடம் என்ற டெல்லின் சொந்தக் கட்டளையால் அதைப் பூஜ்யமாக்கலாம். ஆர்720, ஆர்730 காலத்து மெஷின்களில் பிஎம்சிக்குக் கட்டளை அனுப்பும் ஐபிஎம்ஐடூல் என்ற மென்பொருள் வழியாக ஒரு நீளமான எண் வரிசையை அனுப்ப வேண்டும். ஒரு இலக்கம் தவறினாலும் வேறு அமைப்பில் கை வைத்துவிடும் என்பதால் உங்கள் மாடலுக்கானதுதானா என்று சரிபார்க்காமல் எங்கிருந்தோ எடுத்து ஒட்டாதீர்கள். மாற்றியபின் ஃபேன் சில நொடிகளில் இறங்குவது காதுக்கே தெரியும்.

இது ஃபேனைக் கையால் கட்டிப்போடுவது அல்ல. பிராசசர் சூடானால் ஃபேன் ஏறும். அறை சூடானாலும் ஏறும். தெரியாத கார்டுக்காகப் போட்ட அதிகப்படி மட்டும்தான் போகிறது. அதனால் டென் ஜி கார்டு போன்றவற்றுக்கு இதைத் தயங்காமல் சொல்லுவேன். ஜிபியு என்ற கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொல்ல மாட்டேன். டெஸ்லா பி40 போன்ற கார்டு 250 வாட் தின்னும். அதில் ஃபேனே கிடையாது, சர்வரின் காற்றை நம்பித்தான் அதன் உயிர். அங்கே ஐடிராக் கத்துவது நியாயம்.

ஹெச்பி-யில் கார்டு எதுவும் போடவில்லை. டிஸ்க்கும் அதை ஆளும் கண்ட்ரோலரும்தான் மாற்றினேன். அதற்குக்கூடவா?

ஆமாம். ஹெச்பி மெஷின்களில் ஐலோ ஹார்ட் டிஸ்க்கின் வெப்பத்தையும் கணக்கில் சேர்க்கிறது. அதன் சொந்த ஸ்மார்ட் அர்ரே கண்ட்ரோலர் வழியாக அந்த விவரம் போய்ச் சேரும். வேறு கம்பெனி கண்ட்ரோலரைப் போட்டு டிஸ்க்குகளை அதற்கு மாற்றினால் டிஸ்க் பேசுவது ஐலோவுக்குக் கேட்காது. மைக்ரோசர்வர் ஜென்8 என்ற சின்னப் பெட்டியில் டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஆளும் ரெய்ட் மோடிலிருந்து, தனித்தனியாக விடும் ஏஹெச்சிஐ மோடுக்கு மாற்றினாலே ஃபேன் கூடும். ஒரு ஸ்குரூகூடக் கழற்ற வேண்டாம்.

பூட் ஆகும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்கில் தெர்மல் கான்ஃபிகரேஷன் என்று ஒன்று இருக்கிறது. ஆப்டிமல், இன்க்ரீஸ்டு, மேக்சிமம் என மூன்று. பழைய உரிமையாளர் டேட்டா சென்டரில் மேக்சிமம் வைத்து ஓட்டியிருக்கலாம், அல்லது உங்கள் டெக்னீஷியன் கைபட்டு மாறியிருக்கலாம். ஆப்டிமலுக்குக் கொண்டுவாருங்கள். ஐலோவுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரும் பயாஸும் பழையதாக இருந்தால் புதுப்பியுங்கள். சில நேரம் அதோடேயே தீர்ந்துவிடும்.

சத்தம் தாங்காமல் சூப்பர்மைக்ரோவில் நல்ல அமைதியான ஃபேனாக வாங்கிப் போட்டேன். இப்போது ஏறி ஏறி இறங்குகிறது. முன்பே பரவாயில்லை.

புது ஃபேன் மிக மெதுவாகச் சுற்றுவதுதான் சிக்கல். பிஎம்சியிடம் ஒவ்வொரு ஃபேனுக்கும் ஒரு கீழ் எல்லை இருக்கிறது. நாக்டுவா மாதிரி நிதானமான ஃபேன் அந்த எல்லைக்குக் கீழே இறங்கியதும் "ஃபேன் செத்துவிட்டது" என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் முழு வேகத்தில் விரட்டும். வேகம் ஏறியதும் எல்லை தாண்டிவிடும், எச்சரிக்கை நீங்கும், வேகம் குறையும், மறுபடி எல்லைக்குக் கீழே. சில நொடிகளுக்கு ஒருமுறை இந்தக் கூத்து. ஐபிஎம்ஐடூலில் சென்சார் எல்லைகளை மாற்றும் வசதி உண்டு. புது ஃபேனின் குறைந்தபட்ச வேகத்துக்கும் கீழே அந்த எல்லையை வைத்தால் அடங்கிவிடும்.

கூடவே ஃபேன் மோடைப் பாருங்கள். எக்ஸ்10, எக்ஸ்11 போர்டுகளில் ஸ்டாண்டர்ட் என்றால் அடிப்படை வேகம் 50 சதவீதம், ஆப்டிமல் என்றால் 30, ஃபுல் என்றால் சொல்லவே வேண்டாம். எந்தச் சாக்கெட்டில் செருகினீர்கள் என்பதும் கணக்கு. எண் போட்ட சாக்கெட்டுகள் பிராசசர் பக்கத்துக்கு, ஏ, பி என்று எழுத்துப் போட்டவை கார்டு, டிஸ்க் பக்கத்துக்கு. மாற்றிச் செருகினால் தவறான சூட்டுக்குத் தவறான ஃபேன் பதில் சொல்லும்.

மூன்று பின் ஃபேனை நான்கு பின் சாக்கெட்டில் போட்டவர்களுக்கு: நான்காவது பின்தான் வேகக் கட்டளை தருகிறது. அந்தக் கட்டளை வராத ஃபேன் முழு வேகத்தில்தான் ஓடும்.

ரேம் மட்டும்தான் போட்டேன், சத்தியமாக வேறு எதையும் தொடவில்லை.

நம்புகிறேன். ரேம் அதிகம் சூடாகாது, ஒரு குச்சிக்குச் சில வாட்தான். ஆனால் ரேம் ஸ்லாட்டை எட்ட மேலிருக்கும் பிளாஸ்டிக் காற்றுமூடியைக் கழற்றியிருப்பீர்கள். அது சரியாக உட்காரவில்லை என்றால் காற்று பிராசசரைத் தொடாமல் மேலோடு போய்விடும். "இது எதற்கு அட்டை மாதிரி" என்று மூலையில் வீசிய கடைகளையும் தெரியும். அந்த அட்டை இல்லாமல் இந்த மெஷின்கள் ஒழுங்காக ஓடாது.

வேறு என்ன நடந்திருக்கலாம்: ஒரு ஃபேன் முழுதாகக் கீழே இறங்காமல் இருக்கலாம். மேல்மூடி அரை மில்லிமீட்டர் தூக்கி நின்று, திறந்திருக்கிறது என்று சென்சார் சொல்லலாம். முன்பேனலுக்குப் போகும் மெல்லிய கேபிள் கழன்றிருக்கலாம். உள்வரும் காற்றை அளக்கும் சென்சார் பல மாடல்களில் அங்கேதான் இருக்கிறது. காலி டிஸ்க் இடத்தை அடைக்கும் டம்மி காணாமல் போயிருக்கலாம். மூடியைத் திறந்து ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தாலே பத்தில் பாதி கேஸ் முடியும் என்று சொல்லத் தோன்றுகிறது, அவ்வளவு சாதாரணம்.

பிராசசர் மாற்றியதால் இருக்குமா?

இருக்கலாம், இங்கே சூடு நிஜம். ஈ5-2620 வி4 85 வாட், ஈ5-2690 வி4 135 வாட். இரண்டு சாக்கெட் என்றால் நூறு வாட் கூடுதல். டெல்லும் ஹெச்பியும் அதிக வாட் பிராசசருக்கு வேறு ஹீட்சிங்க் (சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் தகடுகள்) தருகின்றன. பிராசசரை மட்டும் வாங்கிப் பழைய ஹீட்சிங்கையே மாட்டினால் ஃபேன்தான் ஈடுகட்ட வேண்டும். பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசும் பேஸ்ட் காய்ந்திருக்க, அதன் மேலேயே ஹீட்சிங்கை வைத்து இறுக்குவது அடுத்த தவறு. ஒரு பிராசசர் இருந்த டிஎல்380 ஜென்9-இல் இரண்டாவதைச் சேர்த்தால் நான்கு ஃபேன் ஆறாக வேண்டும். விற்பவர் அதைச் சொல்லமாட்டார்.

நாங்கள் ரைஸ் மில். தூசி காரணமா?

மில்லாக இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் தூசியைச் சந்தேகப்படுங்கள். சாதாரணத் தூசி ஊதினால் பறக்கும். தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய். அந்தத் தூசி ஹீட்சிங்க் இடுக்கில் அப்பிக்கொண்டால் ஊதினாலும் போகாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். உமியில் சிலிக்கா அதிகம். அது ஃபேன் பேரிங்கை அறுக்கும். புழுங்கல் மில்லில் உமி எரித்த சாம்பலும் நீராவியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தை பிறந்து சம்பா அறுவடை நெல் வந்து குவியும்போதுதான் இது உச்சம். அறுவடைக்கு முன் ஒன்று, சீசன் ஓய்ந்ததும் ஒன்று என்று சுத்தம் செய்வதை வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். அப்கிரேடுக்காக எப்படியும் திறக்கிறீர்கள், அன்றே செய்துவிடுங்கள்.

ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ளோயர் காற்றில் அது களத்தில் நெல் தூற்றும் ஃபேன் போலச் சுற்றினால் பேரிங் போய்விடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடை கம்ப்ரசருக்குப் போகாதீர்கள். அதில் காற்றோடு தண்ணீரும் வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் அதிகமாக.

முன்பக்கம் துணி கட்டி வடிகட்டலாமா என்று கேட்பார்கள். கட்டினால் தூசி குறையும், காற்றும் குறையும், ஃபேன் மறுபடி ஏறும். மெஷினை அரவை நடக்கும் கட்டடத்திலிருந்து எடை மேடை ஆபீஸுக்கு மாற்றுவதே உருப்படியான வழி.

தூசி இல்லாத இடத்திலும் ஐப்பசியில் விளக்கைச் சுற்றும் பச்சைப் பூச்சிகள் உண்டு. ராத்திரி முழுக்க விளக்கு எரியும் கண்ட்ரோல் ரூமில் சர்வர் முன்பக்கத்தைப் பார்த்தால் தெரியும்.

பகலில் மட்டும் கத்துகிறது, ராத்திரி சரியாகிவிடுகிறது.

அறைச் சூடு. சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்பது ஆஷ்ரே என்ற குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை. அலுவலக ரக மெஷின்கள் பல 35 வரை தாங்கும், ஆனால் அமைதியாகத் தாங்காது. தஞ்சாவூரில் சித்திரை வெயில் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மார்ச் கணக்கு முடிந்து ஏப்ரலில்தான் ஆபீஸ்கள் மெஷினில் கை வைக்கின்றன; வெயிலும் அதே நேரத்தில் ஏறுகிறது. பழி புது கார்டின் மேல் விழுகிறது.

சுவரில் மாட்டும் கண்ணாடிக் கதவு ரேக்கும் ஒரு காரணம். அது சுவிட்சுக்கும் பேட்ச் பேனலுக்கும் செய்தது. ஆர்730 நீளம் கிட்டத்தட்ட 70 செ.மீ.; அதில் திணித்தால் முன்னால் கண்ணாடி, பின்னால் சுவர், காற்று எங்கிருந்து வரும்? கதவைக் கழற்றிவைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

இதில் கரண்ட் கணக்கும் உண்டு. ஃபேன் வேகம் இரண்டு மடங்கானால் அது இழுக்கும் மின்சாரம் தோராயமாக எட்டு மடங்கு. மின்வெட்டில் ஏசி நின்று, அறை சூடேறி, ஃபேன் ஏறி, யூபிஎஸ் பேட்டரி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீர்வது இப்படித்தான்.

ஃபேனை 20 சதவீதத்தில் நிறுத்திவைக்கும் கட்டளை கிடைத்திருக்கிறது. போடலாமா?

பழைய டெல் மெஷின்களில் அது வேலை செய்யும். ஐடிராக் 9-இல் 3.34 ஃபர்ம்வேரிலிருந்து டெல் அந்த வழியை அடைத்துவிட்டது.

வேலை செய்வதால் போட வேண்டும் என்பதில்லை. பிராசசர் வெப்பம் 50 டிகிரிதான் காட்டுகிறது என்று திருப்தியடைவீர்கள். ஆனால் எல்எஸ்ஐ 9207 மாதிரி டிஸ்க் கண்ட்ரோலருக்கு நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் காற்று ஓட வேண்டும் என்று தயாரித்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அதன் சூடு உங்கள் திரையில் தெரியாது. அது வெந்து, வெயில் நாளில் டிஸ்க்கைப் பாதியில் கைவிடும்போதுதான் தெரியும். ஸ்கேன் சென்டரில் நோயாளிகளின் படங்கள் அதில்தான் இருக்கின்றன.

ஃபேன் வேகத்தை அப்படிக் கட்டிப்போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து எல்லை தாண்டினால் ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்பும் ஸ்கிரிப்ட் இல்லாமல் செய்யாதீர்கள். அந்த ஸ்கிரிப்ட் செத்துப்போனாலும் ஆட்டோமேட்டிக்குக்குத் திரும்ப வேண்டும். கம்பியை வெட்டி ரெசிஸ்டர் வைப்பது, ஒரு ஃபேனைக் கழற்றிவிடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

சத்தம் ஃபேன்களிலிருந்து வரவில்லை, பின்னால் ஓரத்திலிருந்து கிறீச்சென்று வருகிறது.

பவர் சப்ளையின் சின்ன ஃபேன். பேரிங் தேய்ந்திருக்கிறது. இரண்டு பவர் சப்ளை இருந்தால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கத்துவதை மாற்றுங்கள். உள்ளே திறந்து எண்ணெய் விடாதீர்கள், அங்கே மின்சாரம் தேங்கி நிற்கும்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறீர்கள். ஆனாலும் முன்னறையில் உட்கார்ந்து பேச முடியவில்லை.

இந்த மெஷின்களை வடிவமைத்தவர்கள் ஆள் இல்லாத அறையை நினைத்துத்தான் செய்தார்கள். ஒன் யூ என்ற மிகத் தட்டையான பெட்டி என்றால் நாற்பது மில்லிமீட்டர் ஃபேன். நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுகூடப் போகும், அதன் கீச்சுச் சத்தத்தை எந்த அமைப்பும் இனிமையாக்காது. இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் நிமிர்ந்து நிற்கும் டவர் மாடல் வாங்குங்கள். பெரிய ஃபேன், மெதுவான சுற்று.

வாங்கியாயிற்று என்றால் இடத்தை மாற்றுங்கள். லேன் கேபிள் நூறு மீட்டர் வரை போகும். கும்பகோணத்துப் பழைய வீடுகள் வாசலிலிருந்து கொல்லை வரை அளந்தாலும் அதற்குள் அடங்கும். இரண்டாம் கட்டில் ஒரு அறை போதும். பின்பக்கச் சூடு வெளியேற எக்சாஸ்ட் ஃபேன் வையுங்கள், முன்பக்கம் காற்று வர வழிவிடுங்கள். சமையற்கட்டை ஒட்டிய அறை வேண்டாம், தாளிப்புப் புகையும் தவிட்டுத் தூசி மாதிரியே ஒட்டும். கிணற்றடிப் பக்கத்து ஈர அறை வேண்டாம். பரண் வேண்டவே வேண்டாம். ஓட்டுச் சூடு நேராக அங்கேதான் இறங்குகிறது.